நாட்பட்ட வலியும் நரம்பின் பழக்கமும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடகத்தின் எல்லையோரத்தில் அமைந்துள்ளது அத்திபெலே. ஆனேகல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரும் இதன் சுற்றுப்புறமும் உழைப்பின் பல வகைகளை ஒருங்கே காணத்தக்க இடங்களாகும். இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் நிற்போர், தையல் இயந்திரத்தின்மேல் கழுத்தைக் கவிழ்த்து அமர்ந்திருப்போர், இரவெல்லாம் லாரி ஓட்டுவோர், மூட்டை சுமப்போர், மலர்த் தோட்டங்களிலும் கேழ்வரகு வயல்களிலும் குனிந்து வேலை செய்வோர், பட்டுத் தறியில் அமர்ந்து நெய்வோர் ஆகிய பலரும் இவ்வட்டத்தில் உள்ளனர். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகள் வழங்கும் இப்பகுதியில், எம்மொழியிலும் எளிதில் கேட்கக்கூடிய குறை ஒன்றுண்டு. அது இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி என்பதே.

இத்தகைய வலி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுமாயின் அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அது நீடிக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். அன்றைய வேலை நடந்துவிடுகிறது. மறுநாள் வலி திரும்பி வருகிறது. இரண்டு மாத்திரை மூன்றாகிறது. சிலர் வேலையையே விட்டுவிட்டுப் படுக்கையை நாடுகின்றனர். முதல் வழியில் வயிறும் சிறுநீரகமும் கெடுகின்றன; இரண்டாவது வழியில் குடும்பத்தின் வருவாய் கெடுகிறது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதை விஞ்ஞானம் கடந்த அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. உண்டு என்பதே கிடைத்துள்ள விடை. அதன் அடிப்படையைப் புரிந்துகொண்டால், களப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்குப் பெரிதும் உதவ இயலும்.

வலியின் இரு வகைகள்

வலி என்பது உடலுக்கு இயற்கை அமைத்துள்ள காவலாகும். நெருப்பின்மேல் பட்ட விரல் நினைக்கும் முன்பே பின்வாங்குகிறது. எலும்பு முறிந்த கால் அசையாதிருக்குமாறு வலி தடுக்கிறது. காயம் ஆறியவுடன் இக்காவலின் வேலை முடிந்துவிடுகிறது. இதற்கு உடன்வலி என்று பெயரிடலாம்.

நாட்பட்ட வலி இதனின்றும் வேறானது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வரும் வலியை, மருத்துவர்கள் இவ்வகையில் சேர்ப்பர். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நாட்பட்ட வலி பிற நோய்களின் அறிகுறியாக மட்டுமின்றித் தனியொரு நோய் நிலையாகவும் அதில் இடம்பெற்றுள்ளது. அந்நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் இடுப்பு வலி ஒன்றினால் மட்டும் உலகில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் துன்புற்றனர். எனவே அத்திபெலேயில் கேட்கும் குறை அவ்வூருக்கு மட்டும் உரியதன்று.

திசுக்களில் ஏற்பட்ட காயம் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் ஆறிவிடுகிறது. ஆயினும் வலி நிற்பதில்லை. காயம் ஆறிய பின்னும் வலி ஏன் தங்குகிறது? இக்கேள்விக்குரிய விடையில்தான் இப்பொருளின் திறவுகோல் அடங்கியிருக்கிறது.

வலி பிறக்கும் இடம்

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட், 1664-இல் அவருடைய மறைவுக்குப்பின் வெளிவந்த நூலில், வலியைக் கோவில் மணியின் கயிற்றுக்கு ஒப்பான ஓர் அமைப்பாக விளக்கினார். காலில் நெருப்புப் பட்டால் கயிறு இழுபடும்; தலையில் மணி அடிக்கும். எவ்வளவு காயமோ அவ்வளவு வலி என்பது இதன் பொருள். இன்றும் பெரும்பாலோர் மனத்தில் உள்ள எண்ணம் இதுவே.

உண்மை இவ்வளவு எளிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பீச்சர், கடுமையாகக் காயமுற்ற வீரர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலி நீக்கும் மருந்து வேண்டாமென்று கூறியதைக் கண்டு 1946-இல் வெளியிட்டார். காயம் பெரிது, வலியோ சிறிது. போர்முனையிலிருந்து உயிர் தப்பினோம் என்ற எண்ணமே வலியின் அளவை மாற்றியது என அவர் கருதினார்.

இதற்குரிய உடலியல் விளக்கத்தை 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு விஞ்ஞானிகள் அளித்தனர். அவர்கள் கூற்றின்படி, தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உள்ளது. உடலின் உறுப்புகளிலிருந்து வரும் அபாயச் செய்திகள் யாவும் அவ்வாயிலைக் கடந்தே மூளையை அடைய வேண்டும். தொடுதல், தேய்த்தல் முதலியவற்றின் செய்திகளைக் கொணரும் பருத்த நரம்பு நார்கள் வாயிலைச் சாத்த உதவுகின்றன. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிடுவதன் காரணம் இதுவே. மேலும், மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் இவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை. அச்சம், கவலை, தூக்கமின்மை ஆகியவை அதைத் திறந்து வைக்கின்றன. மன அமைதி, நம்பிக்கை, இயக்கம் ஆகியவை மூடுகின்றன. வாயில் கொள்கையின் சில நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் வலியை நரம்பு மண்டலம் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்னும் அதன் மையக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

1983-இல் உல்ஃப் என்னும் விஞ்ஞானி மற்றொரு முக்கிய உண்மையைக் காட்டினார். அபாயச் செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருப்பின் தண்டுவடத்து நரம்பணுக்களே கூருணர்வு பெற்றுவிடுகின்றன. அதன்பின் சிறு தூண்டுதலும் பெரு வலியாக உணரப்படும். வலியற்ற தொடுதலும்கூட வலிக்கும். வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழை யாரோ முழுவதும் திருப்பி வைத்துவிட்டாற்போன்ற நிலை அது. நிலையத்திலிருந்து வரும் ஒலி சிறியதே. பெட்டி அதைப் பெரிதாக்குகிறது.

வயலின் குறுக்கே ஒருவர் நடந்தால் தடம் பதியாது. நாள்தோறும் பலர் நடந்தால் ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடும். நரம்பு மண்டலத்தில் நாட்பட்ட வலி இவ்வாறே தடம் பதிக்கிறது. பழக்கத்தால் பதிந்த தடம், வேறு பழக்கத்தால் மெல்ல மெல்லப் புல் மூடவும் கூடும். மருந்தை மட்டும் நம்பாமல் வலியை ஆளும் முறைகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வலி நரம்பு மண்டலத்தால் பெரிதாக்கப்படுகிறது என்பதற்கு, வலி பொய் என்றோ, நோயாளி நடிக்கிறார் என்றோ, எல்லாம் மனப் பிரமை என்றோ பொருளன்று. வலி முற்றிலும் உண்மையானது. அதன் ஊற்று இடம் மாறியிருக்கிறது என்பதே பொருள்.

படம் காட்டுவதும் காட்டாததும்

நோயாளிகள் பலர் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'எலும்பு தேய்ந்துவிட்டது', 'டிஸ்க் நகர்ந்துவிட்டது' என்று கூறக் கேட்கலாம். இச்சொற்கள் ஆறாத அச்சத்தை விளைவிக்கின்றன. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆய்வுகள் 2015-இல் தொகுத்து வெளியிடப்பட்டன. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேரிடமும் முதுகெலும்பின் இடைவட்டுகளில் தேய்வு காணப்பட்டது. இவர்கள் எவருக்கும் வலி இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தலைமுடி நரைப்பது போன்று, முதுகெலும்பின் தேய்வு பெரும்பாலும் வயதின் அடையாளமேயாகும். படத்தில் தேய்வு தெரிவதாலேயே வலியின் காரணம் அகப்பட்டுவிட்டது என்று கருதுதல் தவறு.

அச்சம் என்னும் சுழல்

வலி கண்டவர் அசைய அஞ்சுகிறார். அஞ்சுவதால் அசையாதிருக்கிறார். அசையாததால் தசைகள் நலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. நலிந்த தசை சிறு வேலைக்கும் வலிக்கிறது. அவ்வலி முன்னைய அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. இச்சுழலை வ்லாயன், லிண்டன் ஆகிய இரு உளவியலறிஞர் 2000-ஆம் ஆண்டில் தெளிவாக வகுத்துரைத்தனர்.

ஓய்வே மருந்து என்னும் பழைய நம்பிக்கையைப் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி சோதித்தது. திடீரென இடுப்பு வலி கண்ட 186 நகராட்சி ஊழியர்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் இரு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தனர். மற்றொரு பிரிவினர் முதுகுப் பயிற்சிகள் செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி இடங்கொடுத்த அளவில் தம் அன்றாட வேலைகளையே தொடர்ந்தனர். 1995-இல் வெளியான முடிவின்படி, விரைவில் நலமடைந்தவர்கள் மூன்றாம் பிரிவினரே. படுக்கை ஓய்வு பெற்றவர்கள் மிகவும் பின்தங்கினர்.

மருந்தின் இடம்

மருந்து பகையன்று. உடன்வலியில் அதன் பயன் பெரிது. நாட்பட்ட வலியிலும் மருத்துவர் ஆராய்ந்து குறுகிய காலத்திற்கு அளிக்கும் மருந்து, நோயாளி எழுந்து நடமாடத் துணை செய்யலாம். ஆனால் நரம்பில் பதிந்த பழக்கத்தை மாத்திரை அழிப்பதில்லை.

அழற்சி தணிக்கும் வலி மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொண்டால் இரைப்பையில் புண்ணும் குருதிக் கசிவும் உண்டாகலாம்; இரத்த அழுத்தம் உயரலாம்; சிறுநீரகம் பழுதடையலாம். முதியோர், நீரிழிவு உடையோர், வெயிலில் உழைத்து உடலில் நீர் குறைந்தோர் ஆகியோருக்கு இவ்வபாயம் மிகுதி. தலைவலிக்காக மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரைகளை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொள்வோருக்கு அம்மாத்திரைகளாலேயே தலைவலி நிலைத்துவிடுவதும் உண்டு. பெயரும் உட்பொருளும் குறிக்கப்படாத 'மூட்டு வலிப் பொடி'களிலும் குளிகைகளிலும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அவை முதலில் விந்தை புரிவன போன்று தோன்றிப் பின்னர் எலும்பையே உளுக்கச் செய்யும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்குரிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நோயைப் பற்றிய கல்வி, உடற்பயிற்சி, பிடித்துவிடுதல் போன்ற சில உடற்சிகிச்சைகள், சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சி ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. அழற்சி தணிக்கும் மருந்துகளுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அபின் வகை மருந்துகள், இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல் ஆகியவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாமென்று அது கூறியது.

ஜிகணியில் நடந்த ஆராய்ச்சி

இப்பொருளைப் பற்றிக் குறிப்பிடத்தக்க இந்திய ஆராய்ச்சி ஒன்று அத்திபெலேக்கு அண்மையிலேயே நடந்துள்ளது. அதே ஆனேகல் வட்டத்தைச் சேர்ந்த ஜிகணிக்கு அருகில் சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதனைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் நாட்பட்ட இடுப்பு வலியுடைய 80 நோயாளிகளை இரு பிரிவாகப் பகுத்து ஏழு நாள் அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி அளித்தனர். ஒரு பிரிவினருக்கு ஆசனம், பிராணாயாமம், தியானம், அறிவுரை ஆகியவை அமைந்தன. மற்றப் பிரிவினருக்கு அதே அளவு நேரம் உடற்பயிற்சியும், எளிய மூச்சுப் பயிற்சியும், வாழ்க்கை முறை பற்றிய விரிவுரைகளும் அமைந்தன. எந்தப் பிரிவில் யார் சேர்வது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது.

2008-இல் வெளியான முதல் அறிக்கையின்படி, அன்றாட வேலைகளில் ஏற்படும் இயலாமை யோகப் பிரிவில் மிகுதியாகக் குறைந்தது. முதுகெலும்பின் வளையும் தன்மை இரு பிரிவிலும் கூடியதாயினும் யோகப் பிரிவில் அதிகமாகக் கூடியது. 2012-இல் வெளியான மற்றோர் அறிக்கை வலி, கவலை, மனச் சோர்வு ஆகியவற்றை ஆராய்ந்தது. வலியின் அளவு யோகப் பிரிவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; மற்றப் பிரிவில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் உட்பட்டதே.

இம்முடிவுகளை எடைபோடும்போது சிலவற்றை மறத்தலாகாது. ஏழு நாள் என்பது மிகக் குறுகிய காலம். வீட்டுக் கவலையும் தொழிற்சாலை நேரமும் இல்லாத அமைதியான சூழலில் தங்கியிருந்தவர்களிடம் இப்பயன் காணப்பட்டது. தாம் எந்தப் பயிற்சியைச் செய்கிறோம் என்பதை நோயாளியிடம் மறைக்கவும் வழியில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 228 பேரைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், பன்னிரண்டு வார யோகப் பயிற்சி, தானே படித்துப் பின்பற்றும் நூலைவிட மிக்க பயனளித்தது. ஆயினும் தசைகளை நீட்டும் சாதாரணப் பயிற்சியைவிட அது மேம்படவில்லை.

இரு ஆராய்ச்சிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒழுங்கான இயக்கமும், அச்சம் தணிக்கும் அறிவுரையும், தளராத தொடர்ச்சியுமே பயனளிப்பவை. யோகம் இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கும் ஒரு நல்ல வடிவம். அது கிட்டாதவர் வேறு வடிவத்தில் இதைப் பெறலாம். 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று மிக எளிய வடிவமான நடைப் பயிற்சியைச் சோதித்தது. இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேர் இதில் பங்கு கொண்டனர். படிப்படியாகக் கூட்டிய நடையும் அறிவுரையும் பெற்றவர்களுக்கு வலி மீண்டும் வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. இவற்றைப் பெறாதவர்களுக்கு 112 நாட்களே. நடைக்குக் கட்டணமுமில்லை, கருவியும் வேண்டுவதில்லை.

முதலில் மருத்துவரிடம் அனுப்பத்தக்கவர்கள்

பயிற்சி முறைகளைக் கூறுமுன், அவை பொருந்தாத நிலைகளை அறிந்துகொள்ள வேண்டும். கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று இருப்பினும் நோயாளியைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் களப் பணியாளரின் கடமை.

1. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிக் கழிதல், சிறுநீர் தடைப்படுதல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், காலில் பலக்குறைவு பெருகி வருதல். இது சில மணி நேரத்திற்குள் கவனிக்க வேண்டிய அவசர நிலை.

2. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் படுத்தாலும் தணியாத வலி. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் நம் நாட்டில் இன்றும் உள்ளது என்பதை மறத்தலாகாது.

3. கீழே விழுந்தபின் அல்லது விபத்துக்குப்பின் தோன்றிய வலி. புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வந்த வலி. ஸ்டீராய்டு நெடுநாள் உட்கொண்டவரின் வலி.

4. நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, அசைந்தால் குறைந்து ஓய்வில் மிகும் வலி. இது மூட்டழற்சி நோயாக இருக்கலாம்.

5. ஒரே ஊரில் பலருக்கு மூட்டு இறுக்கமும், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையும் காணப்படுதல். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பும் தசைநாண்களும் இறுகி வலிக்கும். எலும்பைத் தாக்கும் இந்நோய் இந்தியாவில் 1937-இல் நெல்லூர்ப் பகுதியில் ஆராய்ந்து அறிவிக்கப்பட்டது. அத்திபெலேக்கு அப்பால் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் இந்நிலை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதனைத் தணிக்கவே அமைக்கப்பட்டது. இங்கு முதல் சிகிச்சை நல்ல குடிநீரேயாகும்.

மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மருந்தை எவரும் தாமாக நிறுத்துதல் கூடாது. நரம்பு வலிக்கும் மனச் சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள் சிலவற்றைத் திடீரென விட்டால் கேடு நேரும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் வழிப்படியே நடக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறை

அளவறிந்து தொடங்குதல். வலியுள்ளவர் பெரும்பாலும் இரு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலைகளையெல்லாம் ஒருசேரச் செய்து முடிக்கிறார். அதன் விளைவாக மூன்று நாள் படுக்கையில் கிடக்கிறார். இதற்கு மாற்றாக, வலியை அல்லாமல் கடிகாரத்தை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். இம்முறையைச் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஃபோர்டைஸ் வகுத்து 1976-இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் வலி மிகுமுன் பத்து நிமிடம் நடக்க இயலுமாயின், எட்டு நிமிடத்தில் தொடங்குக. காலையும் மாலையும் எட்டு நிமிடமே. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுக. நல்ல நாளில் குறித்த அளவுக்கு மேல் போகலாகாது; கெட்ட நாளில் முழுவதும் நிறுத்தலாகாது, பாதியளவேனும் செய்க. இவ்வாறு இரண்டு மாதங்களுக்குள் அரை மணி நேர நடையை எட்டுதல் பலருக்கு இயலும். வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி என்பது நல்ல இலக்கு.

நிலையை மாற்றுதல். உடலுக்கு ஏற்ற ஒரே 'சரியான' இருக்கை நிலை என்பதில்லை. எந்நிலையும் நெடுநேரம் மாறாதிருப்பின் வலி தரும். தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை தோளைச் சுழற்றி, கழுத்தை இருபுறமும் மெல்லத் திருப்ப வேண்டும். நின்று வேலை செய்பவர் ஒரு காலைச் சிறு பலகையின்மேல் மாற்றி மாற்றி வைக்கலாம். லாரி ஓட்டுநர் நிறுத்தும் இடந்தோறும் இறங்கிச் சில நிமிடம் நடக்கலாம். பூப்பறிப்பவர் ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து ஐந்து முறை பின்னோக்கி மெல்ல வளையலாம்.

தசை தளர்த்தலும் மூச்சும். வலியுள்ளவரின் தசைகள் அவரறியாமலே இறுகி நிற்கின்றன. அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சன் 1929-இல் வெளியிட்ட முறையில், உடலின் ஒவ்வொரு தசைத் தொகுதியையும் சில வினாடிகள் இறுக்கிப் பின் தளர்த்தி, இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை உணரக் கற்கின்றனர். காலிலிருந்து முகம்வரை இதைச் செய்யப் பதினைந்து நிமிடம் போதும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுதலும் பத்து நிமிடம் பழகத்தக்கது. மூச்சை அடக்கவோ வருத்திக்கொள்ளவோ வேண்டியதில்லை.

உறக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் வலியுணர்வு கூடும் என்பது சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஒரே நேரத்தில் எழுதல், மாலைக்குப்பின் தேநீரும் காப்பியும் தவிர்த்தல், படுக்கையில் கைபேசியை ஒதுக்குதல் ஆகியவை பயன் தரும். இரவுப் பணி மாறி மாறி வருவோர் பகலில் உறங்கும் அறையையேனும் இருட்டாக வைத்துக்கொள்ளலாம்.

வெப்பமும் தேய்த்தலும். வெந்நீர் ஒத்தடமும் மென்மையான தேய்ப்பும் முன்கூறிய வாயிலைச் சிறிது நேரம் சாத்துகின்றன. இவை பயிற்சிக்குத் துணையேயன்றிப் பயிற்சிக்கு மாற்றல்ல. மரத்துப்போன தோலின்மேல் சூட்டைப் பிரயோகிக்கலாகாது. குறிப்பாக நீரிழிவு நோயாளியின் காலில் கூடாது.

வலி மூளும் நாட்கள். எவ்வளவு ஒழுங்காகப் பயின்றாலும் சில நாட்களில் வலி மூண்டெழும். அது புதிய காயத்தின் அடையாளமன்று. கூருணர்வு பெற்ற நரம்பின் எதிரொலியே. இவ்வுண்மையை முன்னரே அறிந்தவர் கலங்காமல் பாதியளவுப் பயிற்சியைச் செய்து இரண்டு மூன்று நாட்களில் பழைய நிலைக்குத் திரும்புவார். அறியாதவர் மீண்டும் படுக்கையையும் மாத்திரையையும் நாடுவார். முயற்சி கைவிடப்படும் கட்டம் பெரும்பாலும் இதுவேயாகும்.

களப் பணியாளரும் ஆசிரியரும்

சிற்றூர்களிலும் தொழிற்பேட்டைகளிலும் வலிக்கான சிறப்பு மருத்துவமனைகள் இல்லை. ஆனால் மேற்கூறிய முறைகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் ஒரு கடிகாரமும், ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுமையுடன் கேட்கும் ஒரு மனிதருமே. துணைச் சுகாதார நிலையங்கள் பல, 2018 முதல் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டு, 2023 முதல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்னும் பெயரால் வழங்குகின்றன. யோகப் பயிற்சியும் அவற்றின் பணிகளுள் ஒன்று. இம்மையங்களை இதற்குப் பயன்படுத்துதல் இயலும்.

பணியாளர் கேட்கும் கேள்வியே சிகிச்சையின் ஒரு பகுதியாகும். 'வலி எவ்வளவு?' என்று மட்டும் நாள்தோறும் கேட்டால் நோயாளியின் கவனம் வலியின்மேலேயே நிலைக்கும். 'இந்த வாரம் என்ன செய்ய முடிந்தது? எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? குழந்தையைத் தூக்க முடிந்ததா?' என்று கேட்பது நலம். வலி குறைவதற்கு முன்பே செயல் கூடுவது வழக்கம். அதை நோட்டில் குறித்துக் காட்டினால் நோயாளிக்கு ஊக்கம் பிறக்கும். 'தேய்ந்துவிட்டது', 'இனி கனமே தூக்கக்கூடாது' போன்ற சொற்களைத் தவிர்த்து, 'முதுகு வலிமையானது. பழக்கினால் மீண்டும் பலம் பெறும்' என்னும் உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டாரிடமும் பேசுதல் அவசியம். அன்பின் மிகுதியால் எல்லா வேலைகளையும் பறித்துக்கொண்டு நோயாளியை உட்காரவைப்பதும், இரக்கமின்றி 'நடிப்பு' என்று ஏசுவதும் ஒரே அளவு தீங்கு விளைவிப்பன.

ஆசிரியருக்கு இதில் தனிப் பங்குண்டு. மாணவரின் பெற்றோர் பலரும் இத்தகைய உழைப்பாளர்களே. உடலியல் பாடத்தில் நரம்பு மண்டலத்தைக் கற்பிக்கும்போது, வலியென்பது மணிக் கயிறு போன்றதன்று என்பதை விளக்கினால், அச்செய்தி மாலையிலேயே வீடு சென்று சேரும். நாற்பது நிமிடப் பாட வேளையின் நடுவே மாணவரை ஒருமுறை எழுந்து நிமிரச் செய்வதும் நற்பழக்கத்தின் தொடக்கமாகும்.

பணியிடத்தின் குறைகளை உழைப்பவரின் உடற்பயிற்சியால் மட்டுமே ஈடுசெய்துவிட இயலாது என்பதும் உண்மை. இருக்கையின் உயரம், சுமையின் எடை, இடைவேளையின் நேரம் ஆகியவற்றைத் திருத்துதல் தொழில் நடத்துவோரின் பொறுப்பு. அவ்வாறு திருத்தப்படாத இடத்தில் நோயாளியின் மனவுறுதியை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று.

நாட்பட்ட வலி முற்றிலும் மறையும் என்று எவருக்கும் வாக்களிக்க விஞ்ஞானம் இடந்தரவில்லை. சிலருக்கு அது மறையும், பலருக்குக் குறையும், சிலருக்கு அதே அளவில் இருந்தும் வாழ்வை ஆளும் வலிமையை இழக்கும். வலியோடு வேலைக்குச் சென்று, வலியோடு உறங்கி, மாத்திரையின் எண்ணிக்கையை மருத்துவரின் துணையுடன் குறைத்துக்கொண்டு வருபவர் வெற்றி பெற்றவரேயாவார். எட்டு நிமிட நடையில் தொடங்கும் அம்முயற்சிக்கு முதல் நாள் துணைநிற்பதும், வலி மூளும் நாளில் கைவிடாது மீண்டும் சென்று காண்பதும் களப் பணியாளரால் ஆகக்கூடிய பெரும் உதவியாகும்.